முகத்தைக் கேட்டோம், வயிற்றைக் கேட்கவில்லை

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை வேளை. 19 வயது இளைஞர் ஒருவரை அவருடைய தாயார் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தார். காலையிலிருந்து மகன் உணவு உண்ணவில்லை. நாள்தோறும் தவறாமல் பார்க்கும் ரயில் காணொளிகளையும் பார்க்கவில்லை. ஆகவே உடம்புக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்பதே அவர் சொன்ன குறை. மகனுக்கு ஆட்டிசம் உண்டு என்பதையும் அவர் முதலிலேயே தெரிவித்துவிட்டார். இளைஞர் நன்றாகப் பேசக்கூடியவர், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவர். பணியிலிருந்த செவிலியர் சுவரில் ஒட்டியிருந்த ஆறு முகப்படங்களைக் காட்டினார். சிரிக்கும் முகத்தில் தொடங்கிக் கண்ணீர் வடிக்கும் முகத்தில் முடியும் அந்த வரிசையை வாசகர்கள் பலர் எங்கள் பிரிவுகளில் பார்த்திருப்பீர்கள். "இதுல நீங்க எந்த முகம்?" என்று செவிலியர் கேட்டார். இளைஞர் நிதானமாகப் பார்த்து, வாய் நேர்க்கோடாக இருக்கும் மூன்றாவது முகத்தைத் தொட்டார். அதன் எண் 4. அதாவது, தாங்கக்கூடிய வலி.

பிறகு மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஓரிடத்தில் அழுத்தி "வலிக்குதா?" என்பார், விடை வராது, கை அடுத்த இடத்துக்கு நகரும். இளைஞரின் "ஆமா" வந்து சேர்ந்தபோது மருத்துவரின் கை வலப்பக்க அடிவயிற்றை விட்டு மேல்வயிற்றுக்குப் போயிருந்தது. மேல்வயிற்றில் எரிச்சல் என்று குறிப்பெழுதி, அமிலம் குறைக்கும் மாத்திரை தந்து வீட்டுக்கு அனுப்பினோம். விடியற்காலை நான்கு மணிக்குக் கடும் காய்ச்சலோடு தாயாரும் மகனும் திரும்பி வந்தார்கள். ஸ்கேன் எடுத்தபோது குடல்வால் வெடித்திருந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆனால் மூன்று நாட்களில் வீடு திரும்பியிருக்க வேண்டியவர் ஒன்பது நாட்கள் படுக்கையில் இருந்தார்.

இந்நிகழ்ச்சியை எழுதுவதற்கு அவரும் தாயாரும் இசைவு தந்திருக்கிறார்கள். எழுத வேண்டும் என்று வலியுறுத்தியவரே அவர்தான்.

அவர் உடல் தேறியபின், நாங்கள் எங்கே தவறினோம் என்பதை அவரிடமே கேட்க விரும்பினோம். முதல் சந்திப்பு தோல்வியில் முடிந்தது. நாங்கள் நால்வர், அவர் ஒருவர். அறையில் குழல்விளக்கு இரைந்துகொண்டிருந்தது. அது எங்கள் காதில் விழவில்லை, அவர் காதில் விழுந்தது. கேள்விகளைத் தாயாரைப் பார்த்துக் கேட்டோம்: "தம்பிக்கு இப்ப எப்படி இருக்கு?" அவர் இருபது நிமிடம் மேசையைப் பார்த்தபடி இருந்துவிட்டு எழுந்து போனார். எங்களில் ஒருவர், "இவரிடமிருந்து எதுவும் வராது போலிருக்கிறது" என்று கூடச் சொன்னார். மறுவாரம் தாயார் சொன்ன யோசனைப்படி, கேள்விகளை முன்கூட்டியே கைப்பேசிக்கு எழுதி அனுப்பினோம். இரண்டு நாட்கள் கழித்து மூன்று பக்க விடை வந்தது. அதிலிருந்து ஒரு பகுதியை அவர் எழுதியவாறே தருகிறோம்: "எந்த முகம் என்று கேட்டீர்கள். என் முகம் அப்போது அப்படித்தான் இருந்தது. வலிக்கும்போது என் முகம் மாறுவதில்லை. நீங்கள் என் முகத்தைக் கேட்டீர்கள், வயிற்றைக் கேட்கவில்லை."

இதைப் படித்துவிட்டு நாங்கள் வெகுநேரம் பேசாமல் இருந்தோம். கேட்ட கேள்விக்கு அவர் பிழையில்லாமல் விடை சொல்லியிருக்கிறார். பிழை கேள்வியில் இருந்தது.

ஆட்டிசம் உடையவர்களுக்குப் பிறர் மனம் புரிவதில்லை, ஆகவே உரையாடல் முறிகிறது என்பதே நெடுங்காலமாக மருத்துவ உலகம் சொல்லிவந்த விளக்கம். மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்ததும் அதுவே. இங்கிலாந்தைச் சேர்ந்த சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012ஆம் ஆண்டில் இதை மறுத்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் தாமே ஆட்டிசம் உடையவர். வெவ்வேறு விதமாக உலகை உணரும் இருவர் சந்திக்கும்போது புரியாமை இருபக்கமும் உண்டாகிறது. அதை ஒருவரின் குறையாக மட்டும் எழுதிவைப்பது தகாது என்பது அவருடைய வாதம். 'இரட்டைப் பரிவுச் சிக்கல்' என்று தமிழில் அதைச் சொல்லலாம். அவருக்கு நம் மனம் புரியவில்லை என்று சொல்லும் நமக்கு, அவர் மனம் எந்த அளவுக்குப் புரிந்திருக்கிறது என்னும் எளிய கேள்விதான் அது.

வாதம் ஒருபுறம் இருக்க, சோதனைகளும் நடந்தன. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கேத்தரின் குரோம்ப்டன் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு நம் பிள்ளைகள் விளையாடும் காதோடு காதாகச் சேதி சொல்லும் விளையாட்டைப் போன்றது. எட்டெட்டுப் பேராக 72 பெரியவர்களை ஒன்பது சங்கிலிகளாக அமைத்தார்கள். முதல்வருக்கு ஒரு கதை சொல்லப்படும். அவர் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். எல்லோரும் ஆட்டிசம் உடையவர்களாக இருந்த சங்கிலியில், ஆட்டிசம் இல்லாதவர்களின் சங்கிலியில் போலவே கதை நன்றாகக் கடந்து சென்றது. இருவகையினரும் மாறிமாறி நின்ற சங்கிலியில்தான் செய்தி விரைவாக உதிர்ந்தது. அதே குழுவினர் முந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டு பின்னர் நடத்திய பெரிய ஆய்வில், 2025இல் வெளியானது, கலப்புச் சங்கிலியிலும் அந்த உதிர்வு காணப்படவில்லை; மூவகையும் ஏறக்குறைய ஒன்றாகவே செய்தியைக் கடத்தின. ஆகவே முதல் ஆய்வை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவது நேர்மையாகாது. எனினும் ஒன்றை இரண்டு ஆய்வுகளுமே காட்டுகின்றன: ஆட்டிசம் உடையவருக்குச் செய்தியைச் சொல்லும் திறன் இல்லை என்பது உண்மையன்று.

அப்படியானால் முறிவு எங்கே நேர்கிறது? அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் நோவா சாசனும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒரு துப்புத் தருகிறது. ஆட்டிசம் உடையவர்களும் இல்லாதவர்களும் பேசும் சில வினாடிக் காணொளிகளைப் பார்த்தவர்கள், யார் யார் என்பது தெரியாமலேயே, ஆட்டிசம் உடையவர்களைக் குறைவாக மதிப்பிட்டார்கள். அவர்களோடு பேசவும் அருகில் அமரவும் விருப்பம் குறைவு என்றார்கள். பேசிய சொற்களை மட்டும் எழுத்தில் கொடுத்தபோதோ அந்த வேறுபாடு மறைந்துபோயிற்று. சொல்லில் குற்றமில்லை. குரலின் ஏற்ற இறக்கம், பார்வை போகும் திசை, கைகளின் அசைவு ஆகியவற்றைக் கண்டு சில வினாடிகளில் நாம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். மேசையைப் பார்த்தபடி இருந்தவரிடமிருந்து எதுவும் வராது என்று நாங்கள் எண்ணியதும் அவ்வாறே.

பெயரிலேயே இந்த முடிவு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தன்னைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது ஆட்டிசம். தமிழில் 'மதி இறுக்கம்' என்கிறோம். அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்னும் தொடரையும் காணலாம். நன்னோக்கத்தில் பிறந்த சொற்களே இவை. ஆனாலும் வகுப்புத் தோழர்கள் அனைவரின் பிறந்தநாளையும், தம் ஊர் வழியாகச் செல்லும் ஒவ்வொரு ரயிலின் நேரத்தையும் நினைவில் வைத்திருக்கும் ஒருவரிடம் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று அச்சிட்ட படிவத்தை நீட்டும்போது எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. இவ்விதழில் ஆட்டிசம் என்றே எழுதுகிறோம்.

இனி வீட்டுக்கு வருவோம். தமிழ்ப் பேச்சு மறைபொருள் மிகுந்தது. புறப்படுகிறவர் 'வரேன்' என்கிறார். மறுப்பதற்கு மனமில்லாதவர் 'பார்க்கலாம்' என்கிறார். 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்பவர் பெரும்பாலும் உணவைப் பற்றிக் கேட்கவில்லை. இவற்றைச் சொல்லளவில் எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு நாள் முழுவதும் பொய்களின் நடுவே வாழ்வதுபோல் இருக்கக்கூடும். எங்களிடம் வரும் தந்தை ஒருவர், காலையில் 'போயிட்டு வரேன்' என்று சொல்லிப் போனால், தம் ஏழு வயது மகன் வாசற்கதவருகே நின்றுகொண்டு நகர மறுப்பதாகவும், பள்ளி வேனைத் தவறவிடுவதாகவும் சொன்னார். பிடிவாதம் என்று நினைத்திருந்தார். மகனோ வரவிருக்கும் அப்பாவுக்காகக் காத்திருந்தான். இப்போது அவர் 'போயிட்டு வரேன்' என்பதோடு, 'சாயங்காலம் ஆறரைக்கு வருவேன்' என்றும் சேர்த்துச் சொல்கிறார். தாமதமானால் தொலைபேசியில் புதிய நேரத்தைச் சொல்கிறார். சில நாட்கள் மறந்துவிடுவதாகவும் ஒப்புக்கொண்டார்.

பெரியவர்களிடையே இது இன்னும் நுட்பமானது. லண்டன் பொருளியல் கல்லூரியைச் சேர்ந்த பிரெட் ஹீஸ்மனும் அலெக்ஸ் கில்லெஸ்பியும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பெர்கர் வகை ஆட்டிசம் உடைய ஒருவரும் அவருடைய குடும்பத்தினர் ஒருவருமாக 22 இணையர் பங்கேற்றனர். தன்னைப் பற்றித் தான் நினைப்பது, மற்றவரைப் பற்றித் தான் நினைப்பது, தன்னைப் பற்றி மற்றவர் என்ன நினைப்பார் என்று தான் ஊகிப்பது என ஒவ்வொருவரும் தனித்தனியே விடையளித்தனர். தவறான புரிதல் இருதரப்பிலும் இருந்தது. ஆட்டிசம் உடைய உறவினர் தம் கண்ணோட்டத்தை விட்டு வெளியே வரமாட்டார் என்று குடும்பத்தினர் எண்ணினர். ஆனால் குடும்பம் தம்மை அப்படி எண்ணுகிறது என்பதை அந்த உறவினர்கள் அறிந்திருந்தார்கள்; அதை அவர்கள் ஏற்கவில்லை, அவ்வளவுதான்.

இம்முறையைச் சற்று எளிமையாக்கி, எங்கள் குடும்பச் சந்திப்பில் முயன்றோம். ஒரே கேள்விக்கு இருவரும் தனித்தனியே எழுத வேண்டும். மற்றவர் என்ன எழுதுவார் என்பதையும் எழுத வேண்டும். ஒரு தாயும் 24 வயது மகளும் தேர்ந்துகொண்ட கேள்வி, விருந்தினர் வந்தால் மகள் அறைக்குள் போய்விடுவது ஏன் என்பது. தாயார் எழுதியது: "அவளுக்கு மனிதர்களைப் பிடிக்காது." மகளும் அதையே எழுதுவாள் என்று அவர் ஊகித்திருந்தார். மகள் எழுதியது வேறு: "நான் அங்கே இருந்தால் அம்மா என்னைப் பற்றி எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நான் உள்ளே போய்விட்டால் அம்மா நிம்மதியாகச் சிரித்துப் பேசுவார்." தாயார் என்ன எழுதுவார் என்னும் ஊகத்தில், "எனக்கு மனிதர்களைப் பிடிக்காது என்று எழுதியிருப்பார்" என்று சரியாகக் குறித்திருந்தார்.

தாயார் காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று அவரால் மேற்கொண்டு பேச முடியவில்லை. இரண்டு மாதங்களுக்குப் பிறகு வந்தபோது, இப்போது மகள் விருந்தினரோடு பத்து நிமிடம் அமர்வதாகவும், பிறகு 'நான் உள்ள போறேன்' என்று சொல்லிவிட்டுப் போவதாகவும், தாம் எவருக்கும் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டதாகவும் கூறினார். பெரியம்மா ஒருவருக்கு இதில் இன்னும் வருத்தம்தானாம்.

இவையெல்லாம் பேசவோ எழுதவோ கூடியவர்களுக்குத்தானே, என் பிள்ளை ஒரு சொல்லும் பேசுவதில்லையே என்று வாசகர்களில் பலர் நினைப்பீர்கள். நியாயமான கேள்வி. பேச்சு வராத இடத்திலும் உரையாடல் உண்டு என்பதை நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 2 முதல் 9 வயது வரையிலான 65 குழந்தைகளின் குடும்பங்களோடு அது நடத்தப்பட்டது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே சென்று, பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து விளையாடுவதைக் காணொளியாக எடுத்து, பிறகு பெற்றோரோடு அமர்ந்து அதைப் பார்த்தார்கள். இப்படி 12 அமர்வுகள். குழந்தை எதைப் பார்க்கிறது, எப்போது திரும்புகிறது, நாம் எங்கே குறுக்கிட்டோம் என்பதைப் பெற்றோரே தம் கண்ணால் கண்டறிவதுதான் முறை. முடிவில், குழந்தையின் போக்குக்கு இசைந்து பெற்றோர் பதிலளிப்பது கூடியது. குழந்தை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியது. எல்லாமே முன்னேறின என்று சொல்ல முடியாது. இருவரும் சேர்ந்து ஒன்றைக் கவனிக்கும் நேரம் குறைந்தே இருந்தது.

எங்கள் பேச்சுப் பயிற்சிப் பிரிவிலும் கைப்பேசியில் ஐந்து நிமிடம் படம்பிடித்து வரச் சொல்கிறோம். பெரும்பாலான காணொளிகளில் பெற்றோரின் குரலே ஒலிக்கிறது: "இது என்ன? சொல்லு, பந்து. பந்து சொல்லு. இங்க பாரு. இது என்ன கலர்?" குழந்தை விடை சொல்ல வாய் திறப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. அவசர சிகிச்சைப் பிரிவில் எங்கள் மருத்துவரின் கை நகர்ந்ததும் இதே விரைவில்தான். ஒரு சொல் சொல்லிவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணிக்கை வரை காத்திருங்கள் என்கிறோம். காத்திருப்பது கடினம் என்பது எங்களுக்கும் தெரியும். மௌனம் பெற்றோரை அச்சுறுத்துகிறது.

கேட்டதையே திருப்பிச் சொல்லும் பிள்ளைகளைப் பற்றியும் இங்கே ஒரு சொல். 'தண்ணி வேணுமா?' என்று கேட்டால் 'தண்ணி வேணுமா?' என்றே திரும்ப வரும். அதைப் பொருளற்ற எதிரொலி என்று முன்பு கருதினார்கள். 1980களிலிருந்தே பேச்சியல் ஆய்வாளர்கள் அதை மறுத்து வருகிறார்கள். அந்தச் சொற்களைக் கேட்டபோதெல்லாம் தண்ணீர் வந்திருக்கிறது. ஆகவே பிள்ளைக்கு அது தண்ணீரைக் கேட்கும் தொடர். திருத்துவதை விட, டம்ளரை நீட்டியபடி பிள்ளையின் இடத்தில் நின்று 'தண்ணி வேணும்' என்று ஒருமுறை சொல்வது பயன் தரும். ஒரு சிறுவன் வயிறு வலித்தபோதெல்லாம் விளம்பரப் பாடல் ஒன்றை முணுமுணுத்தான். முதன்முதலில் வயிறு வலித்த அன்று தொலைக்காட்சியில் அது ஓடிக்கொண்டிருந்ததாம். இதைக் கண்டுபிடித்தவர் அவனுடைய பாட்டி, நாங்கள் அல்ல.

வலியைப் பற்றி இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். சொல்ல இயலாத பிள்ளையோ பெரியவரோ திடீரென்று உண்ண மறுத்தால், உறக்கம் கெட்டால், தலையிலோ தாடையிலோ அடித்துக்கொண்டால், விருப்பமான ஒன்றை விட்டு விலகினால், 'இது ஆட்டிசத்தின் குணம்' என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவர் அப்படிச் சொன்னாலும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பல்வலி, காதில் சீழ், மலச்சிக்கல், நெஞ்செரிச்சல் என்று சாதாரணக் காரணங்கள் பின்னால் இருக்கக்கூடும். அன்று மாலை தாயார் சொன்ன 'ரயில் காணொளி பார்க்கவில்லை' என்பதே மிகத் துல்லியமான நோய்க்குறிப்பு. அது எங்கள் குறிப்பேட்டில் எழுதப்படவே இல்லை.

இப்போது பதிவு மேசையில் ஒரு பக்கப் படிவம் ஒன்று வைத்திருக்கிறோம். எப்படிப் பேசினால் வசதி, எழுத்திலா, படத்திலா. வலித்தால் என்ன செய்வார். எந்த ஒலி அல்லது தொடுகை தாங்காது. வழக்கத்திலிருந்து இன்று எது மாறியிருக்கிறது என்று அதில் கேட்டிருக்கிறோம். கேள்விகளை வகுத்துத் தந்தவர் அந்த இளைஞரே. 'உங்கள் குழந்தை' என்று நாங்கள் எழுதியிருந்ததை எல்லாம் அடித்து 'நீங்கள்' என்று மாற்றினார். முடிந்தவர்கள் தாங்களே நிரப்பட்டும் என்றார். முகப்படங்கள் சுவரில் இருக்கின்றன. பலருக்கு அவை பயன்படுகின்றன. பக்கத்தில் மனித உடலின் வரைபடம் ஒன்றையும் ஒட்டியிருக்கிறோம், தொட்டுக் காட்டுவதற்கு. காத்திருக்கும் கூடத்தின் இரைச்சலைக் குறைக்க இன்னும் வழி காணவில்லை. இரவுப் பணியில் நெரிசல் மிகும்போது படிவத்தைக் கேட்க மறந்துவிடுவதும் நடக்கிறது. மறந்தால் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது சந்திப்பில் அந்த இளைஞர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். சுவரைப் பார்த்தபடிதான் கேட்டார்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி நீங்க எல்லாரும் 'ஒண்ணும் இல்ல, சரியாயிடும்'னு சொன்னீங்க. ஒண்ணும் இல்லாம ஏன் ஆபரேஷன்?"

தைரியம் சொல்வதற்காக அப்படிச் சொன்னோம் என்றோம்.

"எனக்குப் பயமாயிடுச்சு. எத்தனை நிமிஷம்னு சொல்லியிருந்தா தைரியமா இருந்திருக்கும்."

அறுவை சிகிச்சை நிபுணர் அந்தக் குறிப்பேட்டை வரவழைத்துப் பார்த்துவிட்டு, "55 நிமிஷம்" என்றார். இளைஞர் அதைத் தம் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.